புருஷோத்தமன், ஆண், வயது 41

வாலாஜாபாத்
4-2-2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி புருஷோத்தமன் எழுதுவது. நான், காஞ்சனா, பிள்ளைகள் எல்லோரும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? திருநெல்வேலித் தண்ணீர் ஒத்துக்கொண்டதா, இன்னும் கேன் தண்ணீர்தானா?

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வருகிறது, இனி எதுவானாலும் எழுது, படித்து ஆறிய பிறகு பதில் போடுகிறேன் என்று நீ சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. அந்தச் சண்டைக்குக் காரணமானவர் பேரை இதில் எழுதப்போவதில்லை, பயப்படாதே. இது வேறு விஷயம்.

போன மாதம் எங்கள் கம்பெனியில் வருடாந்திர மெடிக்கல் கேம்ப் நடந்தது. கேன்டீனில் பாதியைத் திரை கட்டி மறைத்து ரத்தம், ஈசிஜி, வயிற்று ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். ஆளுக்கொரு டோக்கன். நேற்று ரிப்போர்ட் வந்தது. கல்லீரலின் வலது பக்கத்தில் 2.6 சென்டிமீட்டருக்கு வெள்ளையாக ஒரு பொட்டு இருக்கிறதாம். மேற்கொண்டு பரிசோதனை தேவை என்று எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் லைனில் அலுமினிய வார்ப்புக்கு எக்ஸ்ரே பிடித்து உள்ளே காற்றுக்குமிழ் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை என்று உனக்குத் தெரியும். குமிழ் தெரிந்தால் மஞ்சள் அட்டை கட்டி ஓரமாக வைப்போம். நல்லதா கெட்டதா என்று முடிவாகும்வரை அது அங்கேயே கிடக்கும். ரிப்போர்ட்டைப் பார்த்ததிலிருந்து எனக்கு அந்த மஞ்சள் அட்டை ஞாபகமாகவே இருக்கிறது.

அது என்னவாக இருக்கும் அக்கா? பத்தொன்பது வருடமாக ஸ்கேன் ரூமில் இருக்கிறாய். உன்னைவிட யாரைக் கேட்பேன்? காஞ்சனாவுக்கு இன்னும் சொல்லவில்லை. பதிலைக் கம்பெனி விலாசத்துக்கே போடு.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
புருஷோத்தமன்


திருநெல்வேலி
11-2-2024

என் புருஷுவுக்கு அக்காவின் ஆசிகள்.

முதுகு அதன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு வேலை பார்க்கிறேன். என்னை விடு.

முதலில் ஒரு திட்டு. ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரியைக் காப்பியடித்து அனுப்பியிருக்கிறாய். முழு ரிப்போர்ட் எங்கே, படம் எங்கே? படத்தைப் பார்க்காமல் எந்த நோயாளிக்கும் நான் வாய் திறப்பதில்லை. டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் படம் எடுப்பவள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். நீ என் தம்பி என்பதால் இந்த ஒரு தடவை வழக்கத்தை மீறுகிறேன்.

வயிற்று ஸ்கேன் என்பது ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வருவதைப் படமாக்குவது. வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை, செலவும் குறைவு. ஆனால் கருவியைப் பிடித்திருக்கும் கையைப் பொறுத்தது. குடலில் காற்று இருந்தாலும் வயிற்றில் கொழுப்பு இருந்தாலும் படம் கலங்கும். கேன்டீனில் திரை கட்டிக்கொண்டு ஒரே நாளில் இத்தனை பேரைப் பார்த்தால் அந்த டாக்டர்தான் என்ன செய்வார், பாவம். அதில் ஒரு பொட்டு தெரியும். அது இன்னதென்று அடித்துச் சொல்ல முடியாது.

நீ குடிக்கிறவன் இல்லை. காமாலைக் கிருமி இருந்த சரித்திரமும் இல்லை. உன்னைப் போன்றவனின் கல்லீரலில் தெரியும் வெள்ளைப் பொட்டு பெரும்பாலும் ரத்தக்குழாய்கள் சுருண்டு கிடக்கும் சின்ன முடிச்சாகத்தான் இருக்கும். அது ஆயுசு முழுக்கக் கூடவே இருந்துவிட்டுப் போகும், ஒன்றும் செய்யாது. குடித்துச் சுருங்கிப்போன கல்லீரலில் இதே பொட்டு வந்திருந்தால் நான் இவ்வளவு நிதானமாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அன்றைக்கே ரயில் ஏறு என்றிருப்பேன்.

அடுத்து சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். எடு. வயிற்று ஸ்கேன் படத்தையும் முழு ரிப்போர்ட்டையும் எனக்கு அனுப்பு.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாமல் வேளைக்குச் சாப்பிடு.

அக்கா மஞ்சுளா


வாலாஜாபாத்
3-3-2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. உங்கள் பக்கம் எப்படி?

கம்பெனி டாக்டர் என்னைச் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு சிடி எடுக்க எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்ஷூரன்ஸில் எடுப்பதால் போட்டோ அட்டை, ஆதார் எல்லாம் சரிபார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்களாம். இருபத்தெட்டாம் தேதி போகிறேன்.

மருந்து ஏற்றிப் படம் எடுப்பார்கள் என்றார்கள். எங்களிடமும் அது உண்டு. வார்ப்பின் மேல் சிவப்புச் சாயம் தடவித் துடைத்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசலில் சாயம் நின்று காட்டிக்கொடுக்கும். மனுஷனுக்கும் அப்படித்தானா?

இன்னொன்று. சிடிக்கு வசதியில்லாத ஒருவருக்கு இதே மாதிரி வந்திருந்தால், இன்னொரு தடவை வயிற்று ஸ்கேனே எடுத்துப் பார்த்தால் போதுமா? சிடி, எம்ஆர்ஐ இரண்டில் எது சரியாகச் சொல்லும்? லைனில் பசங்கள் பேசிக்கொண்டார்கள். அதனால் கேட்கிறேன்.

வயிற்று ஸ்கேன் படம் கம்பெனி மெடிக்கல் ரூமில் இருக்கிறது. கிடைத்ததும் அனுப்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா.

புருஷோத்தமன்


திருநெல்வேலி
12-3-2024

புருஷு,

நலமாக இருக்கிறேன் என்று எழுத மறந்துவிட்டாய். நலம்தானே?

உன் சிவப்புச் சாயத்தை ரசித்தேன். எங்கள் மருந்து விரிசலில் நிற்காது, ரத்தத்தோடு ஓடும். ஓடுகிற ஓட்டத்தைத்தான் பார்க்கிறோம். கையில் ஊசி போட்டதும் முதலில் ஒரு படம், கொஞ்சம் பொறுத்து ஒன்று, இன்னும் பொறுத்து ஒன்று. ரத்த முடிச்சாக இருந்தால் மருந்து ஓரத்தில் தொடங்கி நிதானமாக நடுவரைக்கும் நிரம்பும். கெட்டதாக இருந்தால் முதல் படத்திலேயே பளிச்சென்று தெரிந்துவிட்டு, கடைசிப் படத்தில் சுற்றியுள்ள இடத்தைவிட இருண்டுபோகும். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

எம்ஆர்ஐ காந்தம். கதிர்வீச்சு கிடையாது. அரைமணி நேரம் குழாய்க்குள் படுத்திருக்க வேண்டும், உங்கள் பிரஸ் ஷாப் தோற்றுப்போகிற சத்தம். அதில் ஒரு மருந்து உண்டு, அதை நல்ல கல்லீரல் அணுக்கள் குடித்துக்கொள்ளும். குடிக்காத இடம் கறுப்பாக நிற்கும். சிடியில் தப்பிவிடும் சின்னப் பொட்டுகூட இதில் மாட்டும். ஆனால் நோயாளி ஒத்துழைக்க வேண்டும். சொன்னபோது மூச்சை நிறுத்தாவிட்டால் படம் குழம்பிவிடும். "மூச்சை இழுங்க, நிறுத்துங்க, விடுங்க." இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை மைக்கில் சொல்கிறேனோ! சில சமயம் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரியின் மூச்சையும் எண்ணிக்கொண்டு வருகிறேன்.

நீ கேட்ட மற்ற கேள்விக்குப் பதில்: போதாது. திரும்ப வயிற்று ஸ்கேன் எடுத்தால் பொட்டு வளர்ந்திருக்கிறதா என்று தெரியும். என்னவென்று தெரியாது. யார் அது? அரசு ஆஸ்பத்திரியிலும் சிடி இருக்கிறது. போகச் சொல்.

சிடி எடுத்த கையோடு எழுது.

அக்கா


வாலாஜாபாத்
14-4-2024

அன்புள்ள அக்காவுக்குப் புத்தாண்டு வணக்கம்.

எல்லோரும் நலம். சிடி ரிப்போர்ட் வந்துவிட்டது. கல்லீரலில் ஒன்றுமே இல்லையாம். பொட்டு இல்லை, முடிச்சு இல்லை. சிடி படங்கள் உள்ள டிஸ்க்கையும் ரிப்போர்ட்டையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இன்றைக்குத்தான் காஞ்சனாவிடம் சொன்னேன். இத்தனை நாள் மறைத்தாயா என்று அழுதாள், அப்புறம் பாயசத்தில் முந்திரியை அள்ளிப் போட்டாள்.

ஒரு சந்தேகம் அக்கா. அப்படியென்றால் வயிற்று ஸ்கேன் இவ்வளவு தப்பாகச் சொல்லுமா? கேம்ப்பில் வேறு யாருக்கு இப்படி வந்திருந்தாலும் இதே மாதிரி தப்பாகத்தான் இருக்குமா? ஒரு வரி தெளிவாக எழுது.

இப்படிக்கு,
புருஷோத்தமன்


திருநெல்வேலி
22-4-2024

தங்கமே புருஷு,

நூறு வருஷம் நன்றாக இரு. அந்த டிஸ்க்கை எங்கள் கம்ப்யூட்டரில் போட்டு நானே ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தேன். எங்கள் ஸ்கேன் டாக்டர் மதிவதனியையும் கூப்பிட்டுக் காட்டினேன். "உங்க தம்பியா? இந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வச்சுக்கலாம் போல இருக்கே" என்றார். கல்லீரல் வழவழவென்று இருக்கிறது. பித்தப்பை கத்திரிப்பிஞ்சு மாதிரி அழகாகத் தொங்குகிறது. தம்பியின் வயிற்றை உள்ளே பார்த்து அழுத அக்கா நானாகத்தான் இருப்பேன்.

வயிற்று ஸ்கேன் தப்பு சொல்லும். நிறையவே சொல்லும். குடல் காற்றையும் கொழுப்புத் திட்டையும் பார்த்து எத்தனை பேர் தூக்கம் கெட்டு எங்களிடம் வந்திருக்கிறார்கள் தெரியுமா? ஒன்றுமில்லை. தைரியமாக இரு. அந்தப் பொட்டை மறந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கு. கடவுள் உன்னைக் கைவிடவில்லை.

அந்தப் பழைய படத்தை மட்டும் மறக்காமல் அனுப்பு. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எங்கள் பயிற்சிப் பெண்களுக்குக் காட்ட வேண்டும்.

சந்தோஷத்துடன்,
உன் அக்கா


வாலாஜாபாத்
25-8-2024

அக்காவுக்கு,

நீ மேயில் ஒன்றும் ஜூலையில் ஒன்றுமாக இரண்டு கடிதம் போட்டும் நான் பதில் எழுதவில்லை. கோபத்தில் இருப்பாய். நான் நலம். அதை எழுதவே கூசுகிறது.

நீ கேட்ட படமும் முழு ரிப்போர்ட்டும் இத்துடன் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒருவருக்குக் கண் மஞ்சளாக இருக்கிறது. வயிறு உப்பிக்கொண்டு வருகிறது, கை கால் குச்சியாகிவிட்டது. இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. எங்கே கூட்டிப்போக வேண்டும், என்ன ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று எழுது. யார் என்று கேட்காமல் எழுது அக்கா.

புருஷோத்தமன்


திருநெல்வேலி
31-8-2024

புருஷோத்தமனுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

படம் வந்ததும் வழக்கம்போல இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் ஒரே பெயர்தான். புருஷோத்தமன், ஆண், வயது 41. ஜனவரிப் படத்தின் ரிப்போர்ட்டில், நீ எனக்கு எழுதாமல் விட்ட வரிகள் இருக்கின்றன. கல்லீரல் சுருங்கிச் சொரசொரப்பாக இருக்கிறது. பித்தப்பை அறுவை சிகிச்சையில் நீக்கப்பட்டிருக்கிறது.

மார்ச்சில் எடுத்த சிடியில் உன் பித்தப்பை இருக்கிறது. நான் கத்திரிப்பிஞ்சு என்று கொஞ்சியது. எடுத்த பித்தப்பை இரண்டு மாதத்தில் முளைக்காது.

ஒன்பது வருடத்துக்கு முன் பித்தப்பை எடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்த வார்டில் நாலு நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். தையல் பிரித்த பதினைந்தாம் நாள் மறுபடி குடித்துவிட்டு வந்தார்.

போனைக் கையில் எடுத்தேன். உன் குரலைக் கேட்டால் என்ன சொல்லிவிடுவேனோ என்று பயந்து வைத்துவிட்டேன். கூரியரில் அனுப்புகிறேன்.

யார் என்று கேட்காதே என்றாய். கேட்கவில்லை. அவரை உடனே இங்கே கூட்டி வா. ரயிலில் உட்கார முடியாது என்றால் கார் வைத்துக் கூட்டி வா.

மஞ்சுளா


வாலாஜாபாத்
3-9-2024

அக்கா,

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் மாமாவோடு வருகிறேன். அதற்கு முன் இது உன் கையில் இருக்க வேண்டும். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆறு வருடத்துக்கு முன் குடித்துவிட்டு உன் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் அவர் விழுந்து கிடந்ததும், நீயே அவரைத் தூக்கியதும், பிறகு தாலியைக் கழற்றி அம்மா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத் தெற்கே போனதும் எனக்கு மறக்கவில்லை. ரகுபதி என்ற பேரை எடுக்காதே என்றாய். ஆனால் அவர் இரண்டு வருடத்துக்கு முன் என்னைத் தேடி வந்தார். வல்லக்கோட்டை முருகன் கோயிலில் சத்தியம் பண்ணிக் குடியை விட்டுவிட்டேன், ஒரு வேலை வாங்கிக் கொடு மச்சான் என்றார். அதைச் சொல்லத்தான் அன்றைக்குப் போன் செய்தேன். நீ பேரைக் கேட்டதுமே வைத்துவிட்டாய்.

கான்ட்ராக்டரிடம் சொல்லி எங்கள் பேக்கிங் செக்ஷனில் சேர்த்துவிட்டேன். பென்னலூரில் நாலு பேரோடு ஒரு ரூம். குடியை நிஜமாகவே விட்டிருந்தார் அக்கா.

கேம்ப் அன்றைக்கு கஸ்டமர் ஆடிட். என்னால் லைனை விட்டு நகர முடியவில்லை. மெடிக்கல் செய்யாவிட்டால் ஃபைலில் சிவப்பு மார்க் விழும். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அந்தக் கேம்ப் கிடையாது. மாமா கொஞ்ச நாளாக விலாவில் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் டோக்கனை அவரிடம் கொடுத்து, "என் பேரைச் சொல்லி ஸ்கேன் பார்த்துக்கினு வந்துடு மாமா, உனக்கும் ஆச்சு எனக்கும் ஆச்சு" என்றேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். படுத்ததும் டாக்டர் தழும்பைப் பார்த்துக் கேட்க, இவர் பித்தப்பை எடுத்ததைச் சொல்லியிருக்கிறார்.

ரிப்போர்ட் வந்த அன்றே அது அவருடையது என்று எனக்குத் தெரியும். டோக்கன் மாற்றியது வெளியே வந்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும். உனக்கு உண்மையை எழுதினால் பேரைப் பார்த்ததுமே கிழித்துவிடுவாய் என்று நினைத்தேன். கம்பெனி என்னை சிடிக்கு அனுப்பியது. போட்டோ அட்டை கேட்டதால் நானேதான் போய்ப் படுத்தேன். மாமாவை காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "லீவு போட்டா வேற ஆளைப் போட்டுடுவான் மச்சான். வலி இப்ப பரவால்ல" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

இனிமேல் எழுதப்போவதுதான் நான் செய்த பாவம். ஞாயிற்றுக்கிழமைகளில் பென்னலூர் போவேன். உன் கடிதம் வந்திருக்கிறதா என்று முதலில் அதைத்தான் கேட்பார். பிப்ரவரிக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். குடித்துச் சுருங்கிய கல்லீரல் பற்றி நீ எழுதிய இரண்டு வரியை வாய்விட்டுப் படிக்கவில்லை, தாண்டிவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் படிக்க முடியவில்லை. ஏப்ரலில் ஒன்றுமில்லை, தைரியமாக இரு என்று எழுதினாய். என் சிடியைப் பார்த்து எழுதினாய் என்று தெரிந்தும் அதை அவருக்குப் படித்தேன். அவருக்கும் அப்படியே ஆகிவிடாதா என்று ஒரு ஆசை. "அவ கையெழுத்துதானே இது? குடு, நான் வெச்சிக்கறேன்" என்று வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

என்னை அடி, திட்டு, என்ன வேண்டுமானாலும் செய். அவரை ஒன்றும் சொல்லாதே.

புருஷோத்தமன்


திருநெல்வேலி
22-9-2024

புருஷோத்தமனுக்கு,

அவரை விட்டுவிட்டு நீ அன்றைக்கே திரும்பிப் போனது நல்லதுதான். நீ நின்றிருந்தால் உன்னை என்ன செய்திருப்பேனோ தெரியாது.

வயிற்று நீரை எடுத்துவிட்டு இரண்டாம் நாள் எம்ஆர்ஐக்கு அனுப்பினார்கள். வேறு ஆளைப் போடட்டுமா என்று டாக்டர் மதிவதனி கேட்டார். நானே எடுக்கிறேன் என்றேன். வந்ததிலிருந்து நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டே படுத்தார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து மைக்கைப் போட்டேன்.

ஆறு வருடம் கழித்து என் புருஷனிடம் நான் சொன்ன முதல் வார்த்தை, மூச்சை இழுங்க. அப்புறம் நிறுத்துங்க. அப்புறம் விடுங்க. பதினாறு தடவை சொன்னேன். பதினாறு தடவையும் சொன்னபடி செய்தார். ஒரு படம்கூட குழம்பவில்லை. கல்யாணமாகி என் பேச்சை அவர் இப்படிக் கேட்டதே இல்லை. கடைசித் தடவை நிறுத்துங்க என்று சொல்லிவிட்டு, விடுங்க என்று சொல்லாமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயிற்சிப் பெண்தான் மைக்கை வாங்கிச் சொன்னாள்.

ஆறு சென்டிமீட்டர் இருக்கிறது. கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்க்குள்ளும் ஏறிவிட்டது. ஆபரேஷன் கிடையாது. மாத்திரை, வலிக்கு மருந்து, அவ்வளவுதான் என்றார்கள். ஜனவரியில் இருந்தது போல 2.6 ஆக இருந்தபோது வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம், இல்லையென்றால் ஊசி விட்டுச் சுட்டிருக்கலாம். நான் கேட்டேன், அவர்களும் மறைக்காமல் சொன்னார்கள்.

நான் உன்னை மட்டும் குற்றம் சொல்லவில்லை. பத்தொன்பது வருடத்தில் படத்தைப் பார்க்காமல் ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தேன்.

என் வீட்டில் இருங்கள் என்று சொல்லத்தான் இருந்தேன். நேற்று நான் டியூட்டியில் இருந்தபோது கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். "அவங்க ஒரு தடவை என்னைத் தூக்கினதே போதும்னு சொல்லச் சொன்னாரு" என்றாள் நர்ஸ். அங்கேதான் வருவார். வலி மாத்திரை நேரத்துக்குக் கொடு, உப்பைக் குறை. உன் வீட்டில் வைத்துக்கொள், அந்த ரூமுக்கு அனுப்பாதே.

மஞ்சுளா


வாலாஜாபாத்
8-12-2024

அக்காவுக்கு,

நேற்று மாமாவின் காரியம் முடிந்தது. நீ சாவுக்கு வந்தாய், செய்ய வேண்டியதைச் செய்தாய், சாயங்காலமே பஸ் ஏறிவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதது நியாயம்தான்.

கடைசி இரண்டு மாதமும் எங்கள் வீட்டில்தான் இருந்தார். நீ சொன்னபடி எல்லாம் செய்தோம். காஞ்சனா அவருக்கு உப்பில்லாமல் தனியாகச் சமைத்தாள். "இன்னாம்மா, இந்தக் குழம்புல கண்ணீரைப் போட்டாவது எறக்கக் கூடாதா" என்று அவளைச் சிரிக்கவைப்பார். கடைசி மூன்று நாள் யாரையும் அடையாளம் தெரியவில்லை.

கம்பெனியில் போன வாரம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விசாரணை வைத்திருக்கிறார்கள். வேலை போனால் போகட்டும். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது.

அவர் பையில் உன் ஏப்ரல் கடிதம் இருந்தது. மடிப்பு நாலும் கிழிந்து டேப் ஒட்டியிருந்தார். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறார். அது உனக்குத்தான். அனுப்பியிருக்கிறேன்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

புருஷு

(பென்சிலில் எழுதியிருந்தது)

மஞ்சு, இது எனக்கு எழுதினது இல்லன்னு தெரியும். உன் தம்பிக்கு எழுதினது. மச்சான் பட்சிக்காட்டும்போதே அவன் மொகத்துல தெரிஞ்சிச்சி. அவனைத் திட்டாத. அவன் தாண்டிப் பட்ச்ச ரெண்டு வரிய அவன் கக்கூஸ் போனப்ப நான் பட்ச்சிட்டேன். தெரிஞ்சிதான் இருந்தேன். ஆஸ்பத்திரின்னு போனா மச்சான் நீ கீற எடத்துக்குத்தான் இட்டுனு வருவானோன்னு பயம், மறுபடி உன் எதிர்ல விழுந்து கெடக்கக் கூடாதுன்னு இருந்தேன். தைரியமாக இருன்னு உன் கையால எழுதினத தெனம் பட்ச்சேன். நாலு மாசம் நெஜமாவே தைரியமா இருந்தேன். ரகுபதி.


திருநெல்வேலி
15-12-2024

புருஷு,

நீயும் காஞ்சனாவும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். இதை மனதார எழுதுகிறேன்.

அவர் எழுதியதைப் படித்தேன். தெரிந்தே இருந்திருக்கிறார். குடித்துவிட்டு விழுந்த அன்றைக்குக்கூட நான் இவ்வளவு கோபப்பட்டதில்லை. என் எதிரில் விழக் கூடாது என்று போய்ச் சாவாராம். விழுந்தால் தூக்கமாட்டேனா? ஆறு வருடத்தில் ஒரு நாள், வா என்று நான் ஒரு வரி எழுதியிருந்தால் வந்திருப்பார். நானும் எழுதவில்லை.

அந்த எம்ஆர்ஐ படம் எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இந்தத் தடவை பேரைச் சரியாகப் போட்டேன். ரகுபதி, ஆண், வயது 46. பயிற்சிப் பெண்களுக்கு மூன்று படங்களையும் வரிசையாக வைத்துக் காட்டினேன். முதல் பாடம், எந்தக் கருவி எதைக் காட்டும் என்பது. இரண்டாவது பாடம், படுத்திருப்பவரின் பேரை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி அட்டையோடு சரிபார்க்க வேண்டும் என்பது. மூன்றாவதை அவர்களிடம் சொல்லவில்லை. கிளாஸை அதோடு முடித்துவிட்டேன்.

உன் மேல் கோபம் போய்விட்டது என்று பொய் எழுதமாட்டேன். போகும்போது போகும். ஆனால் இனிமேல் எனக்குக் கடிதம் எழுதாதே. எழுத்தில் நீ மறைத்தாய், நான் பார்க்காமல் பேசினேன், அவர் தெரிந்துகொண்டு சும்மா இருந்தார். நாம் மூன்று பேருமே கடிதத்தில் கெட்டிக்காரர்கள். குரலில் உனக்குப் பொய் வராது, சின்ன வயதிலிருந்தே வராது. சண்டை வந்தால் வரட்டும். நான் போனை வைத்துவிட்டால் நீ மறுபடி கூப்பிடு, மறுபடியும் வைத்தால் மறுபடியும் கூப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு டியூட்டி இல்லை. காலையிலேயே கூப்பிடு, நான் எடுக்கிறேன்.

அக்கா